டெல்டா சாலைக்கு எந்த வீல் செட்?

தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நாகப்பட்டினத்துக்கு எண்பது கிலோமீட்டர் மிதித்தாலும் மொத்த இறக்கம் அந்த 60 மீட்டர்தான். வாய்க்கால் தண்ணீருக்குப் போதுமான சரிவு. காலுக்கு ஒன்றும் தெரியாது. வழியில் ஏற்றம் என்று சொன்னால் ஒரு ரயில்வே மேம்பாலம், சில ஆற்றுப் பாலங்கள், அவ்வளவுதான். ரேஸ் சைக்கிளுக்குப் புது வீல் செட் வாங்கப் போகிறேன் என்று யார் வந்தாலும் நான் முதலில் இதைத்தான் சொல்கிறேன். ஏனென்றால், வருகிற எல்லோரும் முதலில் கேட்பது எடை எவ்வளவு என்றுதான்.

மாயவரத்தில் இருக்கும் என் சித்தப்பா மகனும் போன மாதம் அதையேதான் கேட்டான். அவனுடையது ரிம் பிரேக் வண்டி, அதாவது பிரேக் கட்டை சக்கர விளிம்பையே (ரிம்) பிடிக்கும். இப்போது போட்டிருப்பது ஷிமானோ ஆர்எஸ் 100. நாலு மழைக்காலம் ஓடியதில் பிரேக் கட்டை உரசும் பக்கம் தேய்ந்து, விரலை வைத்தால் பள்ளம் தட்டுகிறது. அந்த நிலைக்கு வந்த ரிம்மை மாற்றியே ஆக வேண்டும். காற்றழுத்தத்தில் ஒருநாள் ஓரம் பிளந்துகொள்ளும். அவன் மனதில் மூன்று வைத்திருந்தான்: மறுபடியும் அதே ஆர்எஸ் 100, இல்லையென்றால் காம்பாக்னோலோ ஸோண்டா, இல்லையென்றால் விளிம்பு 50 மில்லிமீட்டர் உள்நோக்கி ஆழமுள்ள கார்பன். நான் நாலாவதாக ஒன்றைச் சேர்த்தேன்: 32 கம்பி போட்டுக் கையால் கட்டுகிற சக்கரம்.

எடையை முதலில் முடித்துவிடலாம். ஆர்எஸ் 100 ஜோடி சுமார் 1,900 கிராம். ஸோண்டா சுமார் 1,540. டிடி ஸ்விஸ் ஆர் 460 ரிம், ஷிமானோ 105 ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்), நடுவில் இளைத்த 2.0/1.8 மில்லிமீட்டர் கம்பி, பித்தளை நிப்பிள் (கம்பியை ரிம்மில் இறுக்கும் சின்ன மரை) என்று கையால் கட்டினால் 1,850 கிராம் பக்கம் வரும். கார்பன் செய்பவரைப் பொறுத்து மாறும், பெரும்பாலும் ஸோண்டாவை ஒட்டியே இருக்கும். ஆக, கனமானதுக்கும் லேசானதுக்கும் 360 கிராம் வித்தியாசம். ஆளும் வண்டியும் தண்ணீர் பாட்டிலும் சேர்த்து 80 கிலோ என்றால், இது நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. சுற்றுகிற எடை இரண்டு மடங்குக்குச் சமம் என்பார்கள். வேகம் எடுக்கும்போது மட்டும் அது உண்மை. அப்படி இரட்டித்தாலும் நூற்றில் ஒன்றைத் தாண்டவில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறப் போகிறவருக்கு அந்த 360 கிராமுக்கு ஒரு மதிப்பு உண்டு. கும்பகோணத்திலிருந்து கல்லணைக்குப் போய் வருகிறவருக்குக் கிடையாது.

இங்கே எதிரி காற்று. ஆனி, ஆடியில் மேற்கே பார்த்து மிதித்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 35க்குப் போனால் காற்றுக்கு மட்டும் கொடுக்க வேண்டிய சக்தி ஏறக்குறைய 60 சதவீதம் கூடிவிடும். அதனால்தான் சமதளத்தில் ஆழமான ரிம்முக்கு அவ்வளவு மரியாதை. கார்பன் பக்கம் இருக்கும் உண்மையான வாதம் இதுதான், நான் அதை மறுக்கவில்லை.

ஆனால் அதே கணக்கு திரும்பியும் வேலை செய்யும். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சக்கரம் 12 வாட் மிச்சம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 28இல் போகிறவருக்கு அது நாலு வாட்தான். நம்மில் பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமை காலையில் போகும் சராசரி வேகம் 28 பக்கம்தான். நேரப் போட்டியில் இறங்குகிறவர், குழுவின் முன்னால் நின்று 38, 40 என்று இழுக்கிறவர் என்றால் கார்பனை எடுங்கள், பலன் தெரியும்.

தெரிய வேண்டிய இன்னொன்று பக்கவாட்டுக் காற்று. மாயவரத்திலிருந்து சிதம்பரம் போகிற வழியில் கொள்ளிடம் பாலம் வடக்கு தெற்காகக் கிடக்கிறது. மேற்குக் காற்று நேராக விலாவில் அடிக்கும். அணைக்கரையிலும் அப்படித்தான். அதைவிட மோசம், தென்னந்தோப்பு மறைவு முடிந்து வயல்வெளி திடீரென்று திறக்கிற இடம். இரவல் வாங்கிய 50 மில்லிமீட்டர் சக்கரத்தில் அப்படி ஒரு திறப்பைக் கடந்திருக்கிறேன். ஹேண்டில்பார் கையிலிருந்து அரைச் சாண் பிடுங்கிக்கொண்டு போனது, அதே நேரத்தில் பின்னால் டவுன் பஸ் ஹாரன். இப்படித் திருப்புவது முன்சக்கரம்தான். பின்சக்கரம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஹேண்டிலைத் தொடாது. கார்பன்மீது ஆசை விடவில்லையென்றால் பின்னால் 50, முன்னால் 30 என்று கலந்து போடுவது புத்திசாலித்தனம்.

கார்பனுக்கு எதிராக நான் வைக்கும் பெரிய புகார் மழை. மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் கார்பன் ரிம் சூடேறிப் பிசின் இளகும் என்று பயமுறுத்துவார்கள். நமக்கு அந்தப் பயம் வேண்டாம், இங்கே இறக்கமே இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த கார்பன் விளிம்பில் பிரேக் கட்டை பிடிப்பதற்குள் சக்கரம் பல சுற்று சுற்றிவிடுகிறது. அலுமினியமும் நனைந்தால் தாமதிக்கும், இந்த அளவுக்கு இல்லை. அதோடு டெல்டா சாலையில் தண்ணீர் தனியாக வருவதில்லை. நடவு நேரத்தில் டிராக்டர் வயலிலிருந்து ஏறினால் சேறு, லாரி போனால் மணல். இரண்டும் பிரேக் கட்டையில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி ரிம்மைத் தேய்க்கும். சித்தப்பா மகனின் ரிம் போனது அப்படித்தான். தேய்ந்த அலுமினிய ரிம்மை மாற்றலாம், மனசு வலிக்காது. தேய்ந்த கார்பன் ரிம் அப்படியில்லை. டிஸ்க் பிரேக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பத்தி பொருந்தாது. அவர்களுக்குக் கார்பனில் மிஞ்சுவது பக்கக் காற்றும் பள்ளத்தில் விழுந்தால் விரிசலும்தான்.

சரி, ஸோண்டா. இந்தப் பட்டியலில் அழகாக யோசித்துச் செய்யப்பட்டது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். எந்தச் சைக்கிளிலும் பின்சக்கரத்துக்கு ஒரு பிறவிக் கோளாறு உண்டு. வலப்பக்கம் பல்சக்கர அடுக்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் அந்தப் பக்கத்துக் கம்பிகள் செங்குத்தாக நிற்கும், இழுவிசை அதிகம். இடப்பக்கத்துக் கம்பிகள் சாய்வாகப் போகும், இழுவிசை கிட்டத்தட்டப் பாதிதான். தளர்ந்து கோட்டம் விழுவது, அதாவது ரிம் நேராகச் சுற்றாமல் ஆடுவது, எப்போதும் அந்த இடப்பக்கத்தில். காம்பாக்னோலோ இதற்குக் கண்ட வழி, வலப்பக்கம் இரண்டு கம்பிக்கு இடப்பக்கம் ஒன்று என்று மும்மூன்றாகக் கட்டுவது. பின்னால் 21 கம்பி: வலம் 14, இடம் 7. பாதிக் கம்பிகள் இருப்பதால் ஒவ்வொன்றும் இரட்டை இழுவிசையில் நிற்கும், இரண்டு பக்கமும் சமமாகிவிடும். ரிம்மின் மேல் தளத்தில் துளையே கிடையாது, ரிம் டேப் வேண்டாம். ஹப்புக்குள் கப், கோன், பால்ரஸ். நம்மூர்க் கடையில் காலங்காலமாகக் கழற்றிக் கிரீஸ் வைக்கிற அதே அமைப்பு. ஷிமானோ பல்சக்கர அடுக்கு (கேசட்) ஏறுகிற மாதிரியும் கிடைக்கிறது. இதையெல்லாம் பார்த்தால் வாங்கத்தான் தோன்றும்.

ஆனால் முன்னால் 16 கம்பி. அதில் ஒன்று போனால் மிச்சம் 15. எனக்குப் பின்சக்கரத்தில் நடந்தது. வேறொரு கம்பெனியின் 20 கம்பிச் சக்கரம். திருவையாறு தாண்டி, பாதிச் சாலையை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். விலகி ஓரத்துப் பள்ளத்தில் இறங்கியதும் டிங் என்று ஒரு சத்தம், அடுத்த சுற்றிலேயே ரிம் பிரேக் கட்டையில் மோதி நின்றுவிட்டது. பிரேக்கை முழுக்கத் தளர்த்தியும் சுற்றவில்லை. கடைக்கு உருட்டிக்கொண்டே போனேன். கடைக்கார அண்ணன் உடைந்த கம்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது தலை வளையாத கம்பி. நம்மகிட்ட இருக்கிறதெல்லாம் கொக்கிக் கம்பி. அளவு சரியா இருந்தாலும் இந்த ஹப்புல நிக்காது" என்றார். கம்பி தபாலில் வர மூன்று வாரம் ஆனது. அது குறுவை அறுவடை முடிந்த நேரம், வருஷத்திலேயே சாலை நன்றாக இருக்கிற மூன்று வாரம்.

கையால் கட்டிய 32 கம்பிச் சக்கரத்தில் இதே விபத்து நடந்தால் ரிம் இரண்டு மில்லிமீட்டர் ஆடும். பிரேக்கின் நெம்புகோலைத் திறந்துவிட்டு வீடு வரை மிதிக்கலாம். கம்பியும் கொக்கிக் கம்பிதான், எந்த ஊரிலும் ஒன்றை அளவுக்கு வெட்டி மரை போட்டுத் தருவார்கள். ரிம் தேய்ந்தால் ரிம்மை மட்டும் வாங்கிப் பழைய ஹப்பிலேயே மறுபடி கட்டலாம். காற்றில் இது நாலிலும் கொஞ்சம் பின்தங்கும், 64 கம்பிகள் காற்றை அடித்துக்கொண்டு சுற்றுகின்றன. அதை ஒத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்: யார் கட்டுகிறார் என்பதில். பக்கவாட்டுக் கோட்டம் எடுக்க எல்லாருக்கும் தெரியும். ரேஸ் ரிம்முக்கு அது பாதி வேலைதான். எனக்குக் கட்டித் தந்தவர் கடைசிச் சுற்று முடிந்ததும் இரண்டு இரண்டு கம்பியாக உள்ளங்கையில் சேர்த்து இறுக்கிப் பிழிந்தார். முறுக்கிக்கொண்டிருந்த கம்பிகள் டக் டக்கென்று விடுபட்டன. அப்புறம் மறுபடி கோட்டம் பார்த்தார். பிறகு நகத்தால் ஒவ்வொரு கம்பியையும் சுண்டிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். முடிந்ததும் சக்கரத்தை ஃபோர்க்கில் நேராக மாட்டி இடைவெளி பார்த்தார், கழற்றித் திருப்பி மாட்டியும் பார்த்தார். இரண்டு தடவையும் ஒரே இடைவெளி இருந்தால்தான் ரிம் ஹப்பின் நட்டநடுவில் நிற்கிறது என்று அர்த்தம். இந்த நாலையும் செய்யாதவரிடம் கொடுப்பதைவிட ஆர்எஸ் 100 வாங்குவது மேல். அது ஆசையைத் தீர்க்காது, ஆனால் விலை குறைவு, எடையில் கையால் கட்டியதற்குச் சமம், நம்பி மிதிக்கலாம். அதைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

நிப்பிள் பித்தளையாகவே இருக்கட்டும். அலுமினிய நிப்பிளில் முப்பது, நாற்பது கிராம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் தரங்கம்பாடி, வேளாங்கண்ணிப் பக்கம் உப்புக் காற்றில் ஓடுகிற வண்டியில் அது அரித்துப்போய்ச் சாவி போட்டால் திரும்பாமல் உடைகிறது. கார்பன் ரிம்மோடு அலுமினிய நிப்பிள் சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகம். சீமைக் கருவேல முள் எல்லாச் சக்கரத்துக்கும் பொது. டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் போட்டால் சின்ன முள்ளைத் தாங்கும். ஆனால் நம் வெயிலில் ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றுகிற பால் போன்ற திரவம் சீக்கிரம் காய்ந்துபோகும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். வண்டியில் இடம் இருந்தால் 28 மில்லிமீட்டர் அகல டயர் போடுங்கள். சாலை அதிர்ச்சி குறைவதை உடம்பு முதல் நாளே உணரும். வீல் செட் மாற்றுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய செலவு அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தம்பி இரண்டு நாள் யோசித்தான். ஸோண்டாவின் படத்தை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தான். அப்புறம், "அண்ணா, அம்மா திருக்கடையூர் போகச் சொன்னாலும் நான் இதே வண்டியிலதான் போறேன்" என்றான். ரேஸ் தேதி கிடையாது, தினமும் ஓட்டுகிற வண்டி. 32 கம்பிக்கே முடிவானது. ரிம்மும் ஹப்பும் வந்துவிட்டன, கட்டக் கொடுத்திருக்கிறோம். கம்பி வாங்கும்போது வலப்பக்கத்து அளவில் இரண்டு, இடப்பக்கத்து அளவில் இரண்டு என்று நாலு கம்பி கூடுதலாக வாங்கச் சொன்னேன். அதைச் சீட் கம்பத்துக்குள் துணி சுற்றிச் செருகி வைத்திருக்கிறான்.