லைவ்அபோர்டில் மூன்று பயணம்: மாலத்தீவுப் பவளப் பார்களில் ஆறு வருட அனுபவம்

2019 பிப்ரவரி, 2022 மார்ச், 2025 பிப்ரவரி. மூன்று முறை மாலத்தீவில் லைவ்அபோர்டு போய் வந்துவிட்டேன். படகிலேயே ஒரு வாரம் தங்கி, தீவு தீவாக நகர்ந்து, தினமும் மூன்று வேளை ஸ்கூபா முங்குகிற பயணம் அது. மூன்றும் வெவ்வேறு படகுகள், மொத்தம் 52 டைவ். போக ஆசைப்படுகிற ஊர்ப் பையன்கள் ஃபோன் போட்டுக் கேட்டபடி இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை விவரமாக எழுதுகிறேன்.

நான் நீரோடிக்காரன். தமிழ்நாட்டின் மேற்குக் கரையில் எங்களுடையது கடைசி ஊர். அடுத்த கடற்கரை பொழியூர், அது கேரளா. அப்பா முப்பது வருடம் தூத்தூர் விசைப்படகுகளில் ஆழ்கடல் தூண்டிலுக்குப் போனவர். சுறாவும் சூரையும்தான் எங்களைப் படிக்க வைத்தன. நான் வளைகுடாவில் வேலை பார்த்தபோது புஜைராவில் டைவிங் படித்தேன். திருவனந்தபுரத்தில் ஏறினால் ஒரு மணி நேரம் சொச்சத்தில் மாலே. எங்கள் வீட்டிலிருந்து விமான நிலையத்துக்குப் போகவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிவிடும்.

படகைத் தேடும்போது எல்லோரும் அறையின் படத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். 2019-இல் நானும் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் நாம் கொடுக்கிற காசு அறைக்கானது இல்லை. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், சரியாக ஓடுகிற நேரத்தில், பாரின் சரியான உடைப்பு வாயில் நம்மை இறக்கிவிடுவதற்குத்தான் அந்தக் காசு. ரிசார்ட்டில் தங்கினால் அந்தத் தீவைச் சுற்றியுள்ள பார்களோடு, அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளோடு, நம் கடல் முடிந்துவிடும். லைவ்அபோர்டு இரவோடு இரவாக நங்கூரம் தூக்கி, காலை ஆறு மணிக்கு நீவாடு எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே போய் நிற்கும்.

மாலத்தீவில் ஏறக்குறைய 1,200 தீவுகள். அவை வளையம் வளையமாகப் பவளப் பார்களின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. வளையத்தில் இடையிடையே உடைப்புகள் உண்டு. அந்த வாய்க்காலை மாலத்தீவு மொழியான திவேகியில் 'கண்டு' என்பார்கள். வளையத்துக்குள்ளே, தண்ணீருக்கடியில் நிற்கிற குன்று திலா. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவத்தில் நீவாடு கிழக்கிலிருந்து வளையத்துக்குள் பாயும். அப்போது கிழக்குக் கண்டுகளில் பெருங்கடலின் தெளிந்த தண்ணீர் வரும், சுறாக்கள் வாயில் வந்து நிற்கும். உள்ளே போய்க் கலங்கிய தண்ணீர் நுண்ணுயிர்களோடு மேற்கே வெளியேறும். அந்த நுண்ணுயிர்களைத் தின்னக் கொம்புத் திருக்கைகள் அங்கே கூடும். மே முதல் நவம்பர் வரை இது அப்படியே தலைகீழ். ஆகவே சுறா பார்க்கவா, திருக்கை பார்க்கவா என்று முதலில் முடிவு செய்து, அதன்பிறகு மாதத்தையும் பாதையையும் தேர்ந்தெடுங்கள்.

அடொல் என்றால் அப்படியொரு தீவு வளையம். வாவு அடொலில் மியாரு கண்டு என்று ஒரு வாய்க்கால். மியாரு என்றால் திவேகியில் சுறா. 2019-இல் அங்கே இறங்கியதை இன்றைக்கும் என்னால் நிமிஷம் நிமிஷமாகச் சொல்ல முடியும். முதலில் வழிகாட்டி மட்டும், எங்களை இறக்கி ஏற்றுகிற சிறு படகான டோணியிலிருந்து குதித்து, நீவாடு உள்ளேதான் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு ஏறினார். பிறகு பிசிடியில் (மிதக்க வைக்கும் காற்றுச் சட்டை) காற்றே இல்லாமல் எல்லோரும் ஒன்றாகக் குதித்து, தலைகீழாக நேரே கீழே போனோம். மேலே நின்று மாஸ்க்கைச் சரிசெய்தால் அந்த நேரத்துக்குள் நீவாடு ஆளை வாய்க்காலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விடும். வாயின் விளிம்பில் உயிரில்லாத பாறை பார்த்து ரீஃப் ஹூக்கை (கயிறு கட்டிய கொக்கி) மாட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். மூச்சுக் குமிழிகள் மேலே போகாமல் காதை உரசிப் பின்னால் ஓடின. முகத்தைத் திருப்பினால் மாஸ்க் நடுங்கியது. எதிரே சாம்பல் சுறாக்கள், பதினேழு வரை எண்ணினேன். அந்த ஓட்டத்தில் அவை வாலைக்கூடச் சரியாக ஆட்டவில்லை. ஒன்று என் கைக்கு மூன்று மீட்டர் பக்கத்தில் வந்து, கண்ணை மெல்ல உருட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. சின்ன வயதில் தூத்தூர் கரையில் அறுத்துப் போட்ட சுறாவின் கண்ணை எத்தனையோ முறை தொட்டுப் பார்த்திருக்கிறேன். அது உயிரோடு என்னைப் பார்த்தது அன்றுதான்.

மாலத்தீவு 2010-இல் சுறாப் பிடிப்பை முழுக்கத் தடை செய்தது. ஊருக்கு வந்து அப்பாவிடம் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "மக்களே, நீவாடு எப்பிடி கெடந்துது?" கரையில் மலையையும் கோயில் கோபுரத்தையும் கணியம் பார்த்துக் கடலுக்கடியில் இருக்கிற பாரைக் கண்டுபிடித்த மனிதர் அவர். கடலின் மேலிருந்தே அவர் அறிந்து வைத்திருந்ததில் பாதியைத்தான் நான் கீழே போய்ப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது பயணம் அப்படி அமையவில்லை. விலை குறைவு என்று எடுத்த படகு. எட்டுப் பேருக்கு ஒரே வழிகாட்டி. நூறு டைவ் பார்த்தவரையும், போன மாதம் சர்ட்டிஃபிகேட் வாங்கியவரையும் ஒரே கூட்டமாக இறக்கினார்கள். மூன்றாம் நாள் ஒரு திலாவில் நீவாடு இரண்டாகப் பிரிந்தது. நானும் பொழியூர் நண்பரும் ஒரு பக்கம் போய்விட்டோம். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, ஆரஞ்சு மிதவைக் குழலை மேலே விட்டுவிட்டு ஏறினோம். சுற்றிலும் வெறும் தண்ணீர். டோணி எங்களைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது. ஓகி புயலில் கடலுக்குப் போனவர்களுக்காகக் கரையில் காத்திருந்த ஊர் எங்களுடையது. அந்த நாற்பது நிமிடமும் 2017 நவம்பர்தான் எனக்கு நினைவில் இருந்தது. அன்றிலிருந்து மிதவைக் குழலும் விசிலும் இல்லாமல் நான் தண்ணீரில் கால் வைப்பதில்லை. படகுக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? இறங்கும் முன் அவர் குதித்து நீவாடு பார்ப்பாரா? பதில் மழுப்பலாக வந்தால் வேறு படகு பாருங்கள்.

சாமான்கள் விஷயம். ஆழமும் நேரமும் காட்டுகிற டைவ் கம்ப்யூட்டர், 2018-இல் வாங்கியது, இன்னும் ஓடுகிறது. பேட்டரி இரண்டு முறை, பட்டை ஒரு முறை மாற்றினேன். ஃபின்னும் (கால் துடுப்பு) ரெகுலேட்டரும் (மூச்சு வாங்கும் கருவி) படகில் வாடகைக்குக் கிடைக்கும். மாஸ்க்கும் கம்ப்யூட்டரும் சொந்தமாக இருந்தே ஆக வேண்டும். தண்ணீர் 28 டிகிரி என்று நினைத்து மெல்லிய வெட்சூட் (குளிர் தாங்கும் டைவ் உடை) கொண்டுபோனேன். நான்காம் நாள் மூன்றாவது டைவில் பல் கிட்டியது. இப்போது 5 மில்லிமீட்டர். நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூட்டிய காற்றில் டைவ் செய்யப் படித்துவிட்டுப் போங்கள். 32 சதவீத ஆக்சிஜன் கலவையில் உடம்பில் சேரும் நைட்ரஜன் குறைவு, அதனால் அதே ஆழத்தில் கூடுதல் நேரம் கிடைக்கும். ஆழம் எப்படியும் 30 மீட்டரைத் தாண்டக் கூடாது, அது அங்கே சட்டம். காது பத்திரம், ஒவ்வொரு டைவ் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள்.

சாப்பாட்டுக்கு நமக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் மாஸ் ஹுனி: சூரை, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய் பிசைந்தது, கூடவே ரொட்டி. நம் வீட்டுக் கைமணம் அதில் இருக்கும். முதல் டைவ் வெறும் வயிற்றில் போய்விட்டு வந்து அதைச் சாப்பிடுகிற பசிக்கு ஈடே இல்லை.

வாவு அடொலின் அலிமதாவில் இரவு டைவில் நர்ஸ் சுறாக்கள் காலுக்கிடையில் புகுந்து போகும். மீன் கழிவு போட்டுப் பழக்கிய கூட்டம் அது. எனக்கு மனம் ஒட்டவில்லை. அதைவிட வடக்கு அரி அடொலில் மாயா திலாவில் இரவில் இறங்குங்கள். 1995 முதல் பாதுகாக்கப்பட்ட இடம். வெள்ளைமுனைச் சுறாக்கள் தாமாக வேட்டையாடுவதை டார்ச் வெளிச்சத்தில் பார்க்கலாம். தெற்கு அரியில் திமிங்கலச் சுறா வருடம் முழுக்க உண்டு, பெரும்பாலும் வளராத ஆண் குட்டிகள். எனக்கு மூன்று பயணத்தில் ஒரு முறைதான் கிடைத்தது.

மனதைப் பிசைந்தது 2025-தான். 2024 கோடையில் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. 1998-லும் 2016-லும் நடந்தது மறுபடியும். சூடு தாங்காமல் பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியே தள்ளிவிடும். அதற்குச் சோறு போடுவதும் நிறம் கொடுப்பதும் அந்தப் பாசிதான். 2019-இல் நான் படம் எடுத்த ஒரு மேசைப் பவளத்தைத் தேடிப் போனேன். இருந்தது, பாசம் பிடித்துப் பழுப்பாக, ஒரு ஓரம் ஒடிந்து. அதே திலாவில் 20 மீட்டருக்குக் கீழே பவளங்கள் நிறத்தோடு இருந்தன, மீனும் குறையவில்லை. போக நினைப்பவர்கள் பவளத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். தொடாதீர்கள், ஃபின்னால் உதைக்காதீர்கள்.

கடைசிப் பயணத்துக்கு விமானச் சீட்டு நீங்கலாக ஒன்றரை லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல் ஆனது. இதில் பசுமை வரியும் அடக்கம்; அது 2025 ஜனவரி முதல் ஆளுக்கு நாளுக்கு 12 டாலர். ஐம்பது டைவ் முடிக்காமல் இந்தக் காசைச் செலவழிக்காதீர்கள். கண்டு வாயில் முதல் பாடம் படிக்க முடியாது.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே 24 மணி நேரம் விடவேண்டும். அந்த நாளில் நான் மாலே மீன் சந்தைக்குப் போய்விடுவேன். சூரையை அவர்கள் துண்டம் போடுகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். பக்கத்துக் கடையில் அம்மாவுக்கு மாசிக் கருவாடு வாங்குவேன். அடுத்த முறை ஆகஸ்டில், கொம்புத் திருக்கைக்காகப் பா அடொல் பக்கம். ஹனிஃபாரு குடாவில் ஸ்கூபா கூடாது, ஸ்நார்க்கல் மட்டும்தான். அதனால் வெட்சூட்டை வீட்டில் வைத்துவிட்டு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.