வரப்போர மரம்: பயிரைக் கெடுப்பது விஷமா, தாகமா?

மரத்தடியில் பயிர் தேறவில்லை என்றதும் 'வேர் விஷம் கக்குது' என்று முடித்துவிடுகிறோம். வேர்கள் ரசாயனம் விடுவது உண்மைதான். ஒரு செடி ரசாயனம் விட்டு இன்னொரு செடியைப் பாதிக்கும் இந்த உறவுக்கு அலெலோபதி என்று 1937-இல் பெயர் வைத்தவர் தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ். ஆனால் விஷம் மரத்தின் எந்தப் பாகத்தில் இருக்கிறது, மண்ணில் எத்தனை நாள் நிற்கிறது என்பது மரத்துக்கு மரம் வேறு. அந்த இரண்டையும் வைத்துத்தான் நான்கு மரங்களை இங்கே எடை போடுகிறேன்.

வேர் விஷத்துக்குப் பேர்போனது கருப்பு வால்நட். உயிருள்ள திசுவில் இருப்பது ஹைட்ரோஜுக்லோன். அதனால் கெடுதல் இல்லை. காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்ததும் அது ஜுக்லோன் ஆகிவிடும். தக்காளிக்கும் உருளைக்கும் இது ஆகவே ஆகாது. மக்காச்சோளமும் வெங்காயமும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஜுக்லோன் தண்ணீரில் அதிகம் கரையாது. அதனால் வேரைத் தாண்டி வெகுதூரம் போகாது. வால்நட் வரிசைகளுக்கு இடையே மக்காச்சோளம் போட்டு ஷிபு ஜோஸ், ஆண்ட்ரூ கில்லெஸ்பி இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், மர வரிசையிலிருந்து 4.25 மீட்டர் தள்ளியதுமே மண்ணில் ஜுக்லோன் 80 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே மக்காச்சோளத்தின் விளைச்சலை முக்கியமாகக் குறைத்தது தண்ணீர்ப் போட்டிதான். இத்தனை கெட்ட பெயர் எடுத்த மரத்திலேயே கதை இப்படி!

தைல மரத்தில் கணக்கு வேறு. அங்கே வேரை விட இலையைத்தான் சந்தேகிக்க வேண்டும். சினியோல் போன்ற ஆவியாகும் எண்ணெய்களும், சருகிலிருந்து மழையில் கரைந்து இறங்கும் பீனாலிக் அமிலங்களும் விதை முளைப்பதைத் தடுக்கும். ஆனால் தைல இலைச் சாற்றைத் தொட்டியில் ஊற்றிச் செய்யும் சோதனைகளில் வயலில் இருப்பதைவிட அடர்த்தி அதிகம் என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. சருகை அள்ளினால் ரசாயனத் தொல்லை பாதி தீரும். பக்கவாட்டில் ஓடி ஈரத்தை உறிஞ்சும் வேரை மட்டும் அள்ள முடியாது.

அய்லாந்தஸ் ஆல்டிசிமா, நம் பெருமரத்தின் உறவு. அதன் வேர்ப்பட்டையில் இருக்கும் அய்லாந்தோன் கடுமையான களைக்கொல்லி. ஆனால் மண்ணின் நுண்ணுயிர்கள் அதைச் சில நாட்களிலேயே சிதைத்துவிடும். இந்த மரத்தை நான் ஒதுக்குவதற்குக் காரணம் விஷம் இல்லை, வெட்ட வெட்ட வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகள்.

சூபாபுல் (சவுண்டல்) இலையில் மிமோசின் என்ற விஷம் உண்டு. பச்சையாக நிலத்தில் போட்ட கையோடு விதைத்தால் முளைப்பு பாதிக்கலாம். மட்க விட்டு விதைப்பது நல்லது. இதில் எனக்குப் பிடித்த விஷயம்: இதன் வேர் முடிச்சில் வாழும் சில ரைசோபியம் பாக்டீரியாக்கள் மிமோசினையே உணவாகத் தின்று சிதைக்கின்றன. தழைச்சத்தும் மண்ணில் சேர்கிறது. விதை உதிர்ந்து காடாகிவிடாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால், நான்கில் என் ஓட்டு இதற்குத்தான்.

ஏற்கெனவே மரம் நிற்கிறது, என்ன செய்ய? முதலில் வாடும் செடிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். நிமிர்ந்தால் அது தாகம். மரத்துக்கும் பயிருக்கும் இடையே அகழி வெட்டி, பாலித்தீன் தாள் இறக்கினால் ஈரத்துக்கான போட்டி நிற்கும். அகழிக்கு அப்பால் வேர் இல்லாததால் வேர் விடும் ரசாயனமும் குறையும். வால்நட் பக்கத்தில் ஈரம் இருந்தும் தக்காளி திடீரென்று வாடினால் ஜுக்லோனைச் சந்தேகிக்கலாம். அதற்கு முன் தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே பழுப்பு வளையம் தெரிந்தால் அது பூஞ்சை வாடல் நோயாக இருக்கலாம். ஜுக்லோன்தான் என்று தெரிந்து மரத்தை வெட்டினாலும் அந்த இடத்தில் உடனே தக்காளி நடாதீர்கள். மண்ணுக்குள் மட்கும் வேர்கள் சில ஆண்டுகளுக்கு அதை விட்டுக்கொண்டே இருக்கும்.