தெர்மோபிலேயா, கட்டி சார்க்கா?

சீனத் தேயிலையை லண்டனுக்கு ஏற்றிவந்த இந்த இரண்டு பாய்மரக் கப்பல்களில் எது வேகம்? 1868-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் கட்டப்பட்டது தெர்மோபிலே. மறு ஆண்டு, அதே ஸ்காட்லாந்தின் டம்பார்டனில் நீரில் இறங்கியது கட்டி சார்க். இரண்டுமே சுமார் 212 அடி நீளம், 36 அடி அகலம். இரும்புச் சட்டத்தின்மேல் மரப்பலகை, அடியில் பாசி பிடிக்காத பித்தளைத் தகடு. முழு இரும்புக் கப்பலில் இந்தத் தகட்டை அறைந்தால் உப்புநீர் இரும்பை அரித்துவிடும். அதனால்தான் இந்தக் கலப்புக் கட்டுமானம்.

மெல்லிய காற்றில் தெர்மோபிலே முந்தும். பலத்த காற்றில் கட்டி சார்க்கைப் பிடிக்க முடியாது.

1872 ஜூனில் இரண்டும் ஒரே நாளில் ஷாங்காயிலிருந்து தேயிலையோடு கிளம்பின. சுமார் 400 கடல்மைல் முன்னிலையில் இருந்தபோது, ஆகஸ்ட் 15-இல் புயலில் கட்டி சார்க்கின் சுக்கான் பிய்ந்து போனது. துறைமுகத்துக்குள் போக அதன் கேப்டன், மூடி என்பவர், மறுத்தார். ஆடும் மேல்தளத்திலேயே உலை மூட்டி, இரும்பைக் காய்ச்சி அடித்து, உபரி மரங்களை அறுத்து மாற்றுச் சுக்கான் செய்தார்கள். செப்டம்பரில் அதன் பிணைப்புகளும் அறுந்தன. மறுபடி தூக்கிச் சரிசெய்து மாட்டினார்கள். லண்டன் சேர்ந்தபோது பிந்தியது ஒரே வாரம்தான். வென்றது தெர்மோபிலே என்றாலும், அந்தப் பயணத்தின் பெருமை தோற்ற கப்பலுக்கே என்பேன்.

சூயஸ் கால்வாய் வழியே நீராவிக் கப்பல்கள் தேயிலையைப் பறித்துக்கொள்ள, இரண்டும் ஆஸ்திரேலியக் கம்பளிக்கு மாறின. அங்கே, பலத்த மேலைக்காற்றில், 1885 முதல் கேப்டன் வுட்ஜெட் கையில் கட்டி சார்க் தெளிவாகவே முந்தியது.

பின்னாளில் இரண்டும் போர்த்துகீசியர் வசம் போயின. தெர்மோபிலேயை 1907 அக்டோபர் 13-இல் போர்ச்சுகலின் கஷ்காய்ஷ் கடற்கரைக்கு அப்பால் அந்நாட்டுக் கடற்படையே டார்பிடோ விட்டு மூழ்கடித்தது. கட்டி சார்க் 1922-இல் இங்கிலாந்து திரும்பி, இன்று கிரீனிச்சில் நிற்கிறது.