நிறமுள்ள ஸ்போரும் வெளிர் ஸ்போரும்: ஒரே மைக்ரோஸ்கோப்பில் நீண்ட நாள் அனுபவம்

காளான் ஸ்போர் (காளான் பெருக உதவும் நுண்ணிய வித்து) பார்க்க எந்த மைக்ரோஸ்கோப் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: கருப்பு, பழுப்பு ஸ்போர்களை அதிகம் பார்ப்பீர்களா, வெளிர் ஸ்போர்களையா? நான் பல ஆண்டுகளாக வைத்திருப்பது சாதாரண பிரைட்ஃபீல்டு மைக்ரோஸ்கோப், அதாவது கீழிருந்து வரும் ஒளியில், வெளிச்சமான பின்னணியில் பொருளைக் காட்டும் வகை. 10 மடங்கு ஐபீஸ், 40 மடங்கு லென்ஸ், சிலைடுக்கும் லென்ஸுக்கும் நடுவே எண்ணெய்த் துளி விட்டுப் பார்க்கும் 100 மடங்கு ஆயில் இம்மர்ஷன் லென்ஸ், கீழே எல்இடி விளக்கு, அந்த ஒளியைச் சிலைடில் குவிக்கும், மேலும் கீழும் நகர்த்தக்கூடிய கண்டென்சர், அவ்வளவுதான். நிறமுள்ள ஸ்போருக்கு இதுவே தாராளம். வெளிர் ஸ்போருக்கு இதே கருவியை நன்றாகப் பழகி வைத்திருக்க வேண்டும்.

காரணம் எளிது. கருப்பு, பழுப்பு ஸ்போர்களின் சுவரில் நிறமி இருக்கிறது. பல இனங்களில் அது மெலனின் வகை. அது ஒளியை விழுங்குவதால் வெளிச்சமான பின்னணியில் ஸ்போர் தானாகவே தெரிகிறது. வெளிர் ஸ்போர் ஒளியை விழுங்குவதே இல்லை, லேசாக வளைக்க மட்டும் செய்கிறது. அந்த வளைவால் ஓரத்தில் உண்டாகும் மெல்லிய கோட்டை வைத்துத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். விளக்கை முழுதாக ஏற்றி, டயாப்ரத்தை (ஒளி வரும் திறப்பைச் சுருக்கி விரிக்கும் பாகம்) அகலத் திறந்து வைத்துவிட்டு "ஒன்றுமே தெரியவில்லையே" என்பவர்கள் பெரும்பாலும் சிப்பிக் காளான் ஸ்போரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எதைப் பார்ப்பதானாலும் ஸ்போர் பிரிண்டிலிருந்து, அதாவது காளான் தானே உதிர்க்கும் ஸ்போர்த் தூளின் படிவிலிருந்து தொடங்குங்கள். குடையை வெட்டி, செவுள் (குடையின் அடியில் உள்ள மெல்லிய மடிப்புகள்) கீழே இருக்கும்படி கண்ணாடித் துண்டின்மேல் வைத்து மூடி, ஓர் இரவு விட்டால் போதும். கண்ணாடி என்றால் அடியில் வெள்ளைத் தாளும் கருப்புத் தாளும் மாற்றி வைத்துப் பார்க்கலாம். வெள்ளை பிரிண்ட் வெள்ளைத் தாளில் தொலைந்துபோகாது. செவுளைச் சுரண்டி நேராக சிலைடில் வைக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. நிறமுள்ள இனங்களிலும் முற்றாத ஸ்போர் வெளிறித்தான் இருக்கும். மொட்டுக் காளானின் செவுளிலிருந்து எடுத்தால் ஒரே பார்வையில் நிறமற்றது, இளம் பழுப்பு, அடர் பழுப்பு என எல்லாம் கலந்து நிற்கும். அதைப் பார்த்து ஸ்போரின் நிறம் இன்னது என்று முடிவு கட்ட முடியாது. பிரிண்டில் விழுவதோ முற்றிய ஸ்போர் மட்டும்.

பிரிண்டின் நிறத்தையும் கண்ணாலேயே பார்த்து எழுதிவைத்துவிடுங்கள். வைக்கோல் காளானின் பிரிண்ட் இளஞ்சிவப்பு. அதே தூளை 1000 மடங்கில் பார்த்தால் ஒவ்வொரு ஸ்போரும் ஏறத்தாழ நிறமற்றதாக நிற்கும். குவியலில் சேரும் நிறம் தனி ஸ்போரில் தெரியாது. ஆக, மைக்ரோஸ்கோப்பில் வெளிறித் தெரியும் எல்லாமே வெள்ளை பிரிண்ட் தரும் என்று நினைத்துவிட வேண்டாம்.

இனி சிலைடு. வெளிர் ஸ்போருக்கு வெறும் தண்ணீர்தான் எனக்குப் பிடித்தது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஸ்போர் சுவருக்கு அதைவிட அதிகம். இந்த வித்தியாசத்தால்தான் ஓரக்கோடு தெரிகிறது. சீக்கிரம் காயாமல் இருக்கட்டும் என்று கிளிசரின் போட்டால் அதன் எண் 1.47, ஸ்போர் சுவருக்கு மிகவும் நெருக்கம். வெளிர் ஸ்போர் அதில் கரைந்ததுபோல் மறைந்துவிடும். நிறமுள்ள ஸ்போருக்கு இந்தத் தொல்லை கிடையாது. கிளிசரினிலும் நன்றாகத் தெரியும், சில நேரம் இன்னும் நன்றாகவே. ஓரத்தின் பளபளப்பு அடங்கியபின் சுவரின் நிறம் மட்டும் மிஞ்சுவதே அதற்குக் காரணம்.

அடுத்து டயாப்ரம். இந்த மைக்ரோஸ்கோப்பில் நான் மிக அதிகமாகத் தொடும் பாகம் இதுதான், ஃபோகஸ் திருகைவிடவும் அதிகம். வெளிர் ஸ்போருக்கு டயாப்ரத்தைச் சற்று மூடினால் ஓரம் கருத்து எழும். ஆனால் அளவுக்கு மீறி மூடினால் ஸ்போரைச் சுற்றி இரட்டைக் கோடுகள் வந்துவிடும். அவை சுவர் அல்ல, ஒளி சிதறுவதால் வரும் போலிக் கோடுகள். புதிதாகப் பார்ப்பவர் இதைத் தடித்த சுவர் என்று குறித்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. லென்ஸின் முழுத் திறப்பில் முக்கால் அளவு திறந்து வைப்பது பொதுவாக ஒத்துவரும். அளவெடுக்கும்போது ஒரே நிலையில் வைத்திருங்கள். டயாப்ரம் மாறினால் வெளிர் ஸ்போரின் ஓரம் நகரும், அதோடு அளவும் நகரும். நிறமுள்ள ஸ்போரில் இந்த ஆட்டம் குறைவு.

அப்படியானால் நிறமுள்ள ஸ்போர்தான் வசதி என்று தோன்றும். கண்டுபிடிக்க வசதி, ஆமாம். உள்ளே பார்க்கத்தான் சிரமம். குடை கரைந்து மையாக வடியும் காப்ரினஸ் வகைகளின் ஸ்போர் கிட்டத்தட்ட கருப்பு. 40 மடங்கில் பார்த்தால் அழகான நீள்வட்ட நிழல், அதற்குமேல் ஒன்றும் இல்லை. நுனியில் இருக்கும் முளைத்துளையை (ஸ்போர் முளைக்கும்போது இழை வெளிவரும் இடம்) பார்க்க வேண்டுமானால் ஆயில் லென்ஸுக்குப் போய், விளக்கை நன்றாக ஏற்றி, டயாப்ரத்தைத் திறந்து, ஃபோகஸை நூலிழை அளவு மேலும் கீழும் நகர்த்த வேண்டும். வெளிர் ஸ்போருக்குச் செய்ததற்கு எல்லாமே நேர்மாறு. ஒரு வகையைப் பார்த்த கையோடு, அதே அமைப்பில் அடுத்ததைப் பார்த்தால் இரண்டுமே மோசமான கருவியில் பார்த்ததுபோல்தான் இருக்கும். பல நேரம் கருவியின்மேல் விழும் பழி இங்கிருந்துதான் வருகிறது.

கானோடெர்மா என்ற மரக் காளானின் ஸ்போர்மேல் மட்டும் எனக்குத் தனி ஆசை. பழுப்பு நிறம், இரட்டைச் சுவர், ஒரு முனை வெட்டிவிட்டதுபோல் மழுங்கல். மேல்பரப்பில் ஃபோகஸ் வைத்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். சற்றே கீழே இறக்கினால், இரண்டு சுவர்களுக்கும் நடுவில் நிற்கும் சிறு தூண்களைத்தான் மேலிருந்து புள்ளியாகப் பார்த்தோம் என்பது விளங்கும். ஆயில் லென்ஸை நியாயமாகச் சோதிக்க வேண்டுமா, இந்த ஸ்போரைப் போட்டுப் பாருங்கள். 1.25 என்.ஏ. (லென்ஸ் எவ்வளவு அகலமான ஒளிக்கூம்பைப் பிடிக்கும் என்ற அளவு) உள்ள லென்ஸ் பச்சை ஒளியில் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஏறத்தாழ 0.27 மைக்ரான். 40 மடங்கு லென்ஸின் 0.65 என்.ஏ.க்கு அது 0.5 மைக்ரானைத் தாண்டிவிடும். 40 மடங்கில் தூண்கள் தெரியவில்லை என்றால் லென்ஸைத் திட்டிப் பயனில்லை.

வெளிர் ஸ்போருக்குச் சாயம் உண்டு என்பது பெரிய ஆறுதல். காங்கோ ரெட் சுவரைச் சிவப்பாக்கும், லாக்டிக் அமிலத்தில் காட்டன் ப்ளூ நீலமாக்கும். நிறமுள்ள ஸ்போருக்கு இவை பெரும்பாலும் வீண் செலவு. ஏற்கெனவே அடர்ந்த நிறத்தின்மேல் எதைப் பூசி என்ன தெரியப் போகிறது? ஆனால் உண்மையான வித்தியாசம் மெல்சர் கரைசலில்தான் இருக்கிறது. அயோடின், பொட்டாசியம் அயோடைடு, குளோரல் ஹைட்ரேட், தண்ணீர் கலந்த இந்தக் கரைசலை 1924இல் வாட்ஸ்லாவ் மெல்சர் அறிமுகப்படுத்தினார். இதில் சில வெளிர் ஸ்போர்கள் நீலக் கருப்பாக மாறும், சில செம்பழுப்பாகும், சில மஞ்சளோடு நின்றுவிடும். தண்ணீரில் ஏதோ சொரசொரப்பு என்று மட்டும் தெரியும் ருசுலா ஸ்போரில், மெல்சர் பட்டதும் முட்களும் அவற்றை இணைக்கும் வலைக்கோடுகளும் கருத்து எழுந்து நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. குளோரல் ஹைட்ரேட் பல நாடுகளில் கட்டுப்பாட்டில் உள்ள பொருள் என்பதால் கிடைப்பது கடினம். லூகால் அயோடினை (அயோடினும் பொட்டாசியம் அயோடைடும் தண்ணீரில் கரைத்தது) வைத்து நீலக் கருப்பு மாற்றத்தை ஓரளவு பார்க்கலாம். செம்பழுப்பு மாற்றத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

நிறமுள்ள ஸ்போருக்கும் ஒரு சோதனை இருக்கிறது. அடர் சல்பியூரிக் அமிலத்தில் பனாயோலஸ் ஸ்போர் நிறம் மாறாமல் நிற்கும், சதைரெல்லா ஸ்போர் வெளிறும். படிக்க நன்றாக இருக்கிறது. வீட்டு மேசையில், விலை உயர்ந்த லென்ஸுக்கு அடியில் அடர் அமிலத்தை வைக்கும் வேலையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கேமரா பற்றி ஒரு வார்த்தை. தானியங்கி எக்ஸ்போஷர் வெளிர் ஸ்போருக்கு எதிரி. பின்னணியைத் தன் கணக்குக்குச் சரிசெய்யப் போய் மெல்லிய ஓரக்கோட்டை அழித்துவிடும். கையால் சற்றுக் குறைத்து, பின்னணி இளஞ்சாம்பலாக இருக்கும்படி எடுங்கள். நிறமுள்ள ஸ்போருக்கு முக்கியம் ஒயிட் பேலன்ஸ். காலி இடத்தை வைத்து அதைச் சரிசெய்யாவிட்டால், நீலம் கலந்த எல்இடி ஒளியில் செம்பழுப்பு ஸ்போர்கூட மங்கிய பழுப்பாகப் பதிவாகும். பிறகு அந்தப் படத்தை வைத்து நிறம் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

சுத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். ஊசியிலோ கவர் ஸ்லிப்பின் மேற்புறத்திலோ ஒட்டிய ஸ்போர் அடுத்த சிலைடுக்குத் தாவும். கருப்பு ஸ்போர் தாவினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். வெளிர் ஸ்போர் தாவினால் அது இந்தக் காளானுடையதே என்று அளந்து எழுதிவிட வாய்ப்பு உண்டு. ஆகவே வெளிர் ஸ்போர் பார்க்கும் நாளில் ஊசியை ஒவ்வொரு முறையும் துடைப்பேன். சிப்பிக் காளான் கொட்டும் தூள் சிலருக்கு ஒவ்வாமையும் மூச்சுத் தொல்லையும் தரும். பிரிண்ட் எடுக்கும்போது மூடி வைக்கச் சொன்னது அதற்காகவும்தான்.

இந்த ஒப்பீட்டை வைத்துச் சமையலுக்குப் போகலாமா என்றால், கூடாது. ஸ்போரின் நிறமும் வடிவமும் இனங்களைப் பிரிக்க உதவும், நஞ்சு இருக்கிறதா என்று சொல்லாது. பச்சை பிரிண்ட் தரும் நச்சுக் காளானான குளோரோஃபில்லம் மாலிப்டைட்டஸ், வெள்ளை பிரிண்ட் தரும் மேக்ரோலெபியோட்டாவைப் போலவே இருக்கும். ஸ்போர் முற்றும்வரை அந்த நச்சுக் காளானின் செவுளும் வெள்ளைதான்.

ஃபேஸ் கான்ட்ராஸ்ட் (ஒளி வளைவதால் வரும் வித்தியாசத்தை வெளிச்ச வித்தியாசமாகக் காட்டும் அமைப்பு) வாங்கலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. வெளிர் ஸ்போர் மட்டுமே பார்ப்பவர் என்றால் யோசிக்கலாம். சாயமே இல்லாமல் ஓரம் பளிச்சென்று எழும். நிறமுள்ள ஸ்போரில் அது சுற்றிலும் ஒளிவட்டம் போட்டு இருப்பதையும் குழப்பும், பிரைட்ஃபீல்டே மேல். இரண்டையும் பார்க்கும் எனக்கு, கண்டென்சருக்குக் கீழே உள்ள ஃபில்டர் தட்டில் ஒரு கருப்பு அட்டைத் துண்டைப் பாதி மறைக்கும்படி நகர்த்தி வைப்பது போதுமானதாக இருக்கிறது. ஒளி சாய்வாக வரும், வெளிர் ஸ்போர் ஒரு பக்க நிழலோடு புடைத்துத் தெரியும். அட்டையை வெளியே இழுத்தால் கருப்பு ஸ்போருக்குத் தயார். ஃபேஸ் கான்ட்ராஸ்டுக்கு ஆகும் பணத்துக்கு நல்ல ஆயில் லென்ஸும் ஒரு ஸ்டேஜ் மைக்ரோமீட்டரும் (அளவைச் சரிபார்க்க உதவும் கோடிட்ட சிலைடு) வாங்கிக்கொள்ளலாம்.