ரிச்மண்ட் கோட்டை: கோபுரத்துக்குக் கீழே இருக்கும் சிறைக்கூடம்

வடக்கு யார்க்‌ஷயரில் ஸ்வேல் ஆற்றங்கரை மேட்டில் நிற்கும் ரிச்மண்ட் கோட்டைக்குப் பலரும் வருவது, சுமார் 30 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தில் ஏறி ஊரைப் பார்க்கத்தான். காட்சி நன்றாகவே இருக்கிறது. ஆனால் நுழைவுச்சீட்டின் விலைக்கு ஈடானது, 19ஆம் நூற்றாண்டில் இங்கே கட்டப்பட்ட சிறிய சிறைக்கூடத்தின் கதை.

1916 ஜனவரியில் பிரிட்டனில் நிறைவேறிய கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் 18 முதல் 41 வயது வரையிலான மணமாகாத ஆண்களைப் படைக்கு அழைத்தது. மே மாதம் மணமானவர்களும் சேர்க்கப்பட்டனர். மனச்சாட்சியின் பேரில் விலக்குக் கேட்கலாம் என்ற பிரிவும் அதில் இருந்ததால், படிப்பதற்குத் தாராளமான சட்டமாகவே தோன்றும். ஆனால் அந்த மனச்சாட்சி உண்மையானதா என்று தீர்மானித்தவை உள்ளூர்த் தீர்ப்பாயங்கள். அங்கே இராணுவத்தின் பிரதிநிதியும் அமர்ந்து கேள்வி கேட்டார். பலருக்கு முழு விலக்குக் கிடைக்காமல், ஆயுதம் ஏந்தாத படைப்பிரிவில் வேலைதான் கிடைத்தது. அதையும் மறுத்தவர்களில் சிலர் இந்த அறைகளில் அடைக்கப்பட்டார்கள்.

அவர்களில் 16 பேரை அதே மே மாத இறுதியில் பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். போர்முனையில் கட்டளையை மறுத்தால் மரண தண்டனை விதிக்கலாம் என்பதுதான் அந்தப் பயணத்தின் பொருள். தண்டனை விதிக்கவும் செய்தார்கள். வாசித்துக் காட்டிய பிறகே பத்தாண்டுக் கடுங்காவலாகக் குறைத்தார்கள்.

சுவர்களில் அவர்கள் பென்சிலால் எழுதியவை இன்னும் இருக்கின்றன. மெதடிஸ்ட் பிரசங்கியான பெர்ட் பிராக்கிள்ஸ்பி தனக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணின் முகத்தை வரைந்திருக்கிறார். இன்னொரு கைதி, போரிடத் தகுந்த ஒரே போர் வர்க்கப் போர்தான் என்று எழுதியிருக்கிறார். பக்தரும் சோஷலிஸ்டும் ஒரே சுண்ணாம்புச் சுவரைப் பகிர்ந்துகொண்டது எனக்கு மிகவும் பிடித்தது. ஈரத்தில் பூச்சு உதிர்வதால் அறைகளுக்குள் பொதுவாக யாரையும் விடுவதில்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்காட்சியில் நிதானமாகப் படிக்கலாம்.

2024 மே மாதம், 18 வயதினருக்குத் தேசிய சேவையைக் கட்டாயமாக்குவோம் என்று தேர்தல் வாக்குறுதி அளித்த ரிஷி சுனக், இந்த ரிச்மண்டைத் தொகுதியாகக் கொண்டவர். 30,000 பேருக்கு ஓராண்டு இராணுவப் பணி, மற்றவர்களுக்கு மாதம் ஒரு வார இறுதியில் சமூகப் பணி என்பது திட்டம். மறுப்பவர்கள் சிறைக்குப் போகமாட்டார்கள் என்று அமைச்சர் ஒருவர் விளக்கினார். சிறை இல்லாமலும் தண்டிக்கலாம் என்பதற்கு 1918ஆம் ஆண்டின் தேர்தல் சட்டமே சான்று: போரை மறுத்தவர்களின் வாக்குரிமையை அது ஐந்தாண்டுகளுக்குப் பறித்தது. ஜூலையில் சுனக்கின் கட்சி தோற்றதால் வாக்குறுதியும் அதோடு போயிற்று. அவர் மட்டும் இந்தத் தொகுதியில் வென்றார்.

ரிச்மண்டுக்கு ரயில் இல்லை. டார்லிங்டனில் இறங்கிப் பேருந்தில் வரவேண்டும். நான் ஒரு தனியார் சுற்றுலா வேனில் வந்தேன். நார்மன் பிரபுக்களைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிய வழிகாட்டி, சிறைக்கூடத்தைக் கைகாட்டிவிட்டு நகர்ந்தார். தோட்டத்தில் வெட்டி வடிவமைத்த யூ மரங்களின் முன்னால் எங்கள் குழு நின்று படம் எடுத்துக்கொண்டது. அவை 16 என்பதையும், எதற்காக 16 என்பதையும் அவர் சொல்லவில்லை.