ஏணியில் வந்தவரும் மின்தூக்கியில் வந்தவரும்: காவல்துறை மேலதிகாரிகள் பற்றி ஓர் ஒப்பீடு

தங்கை மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் வாங்கிவிட்டு, கட்டாயத் தேசிய சேவையின் கடைசி மாதங்களில் இருக்கிறான். சேவையும் சிங்கப்பூர்க் காவல்துறையில்தான். சீருடை பிடித்துப்போய்விட்டது. இப்போதே சார்ஜண்டாகச் சேர்வதா, பல்கலைக்கழகம் முடித்துப் பட்டத்தோடு இன்ஸ்பெக்டராகச் சேர்வதா என்று வீட்டில் இரண்டு மாதமாக வழக்கு நடக்கிறது. தங்கை பட்டத்தின் பக்கம். தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். 1984-ல் இதே சந்தியில் நின்றவன் நான். பல்கலைக்கழகத்தில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டுத் தாம்சன் சாலையில் இருந்த பழைய காவல் பயிற்சிக் கழகத்துக்குள் நுழைந்தேன். முப்பது ஆண்டு கழித்து, இன்ஸ்பெக்டருக்குக் கீழ்ப் பதவியான ஸ்டேஷன் இன்ஸ்பெக்டராக வெளியே வந்தேன். அடிமட்டத்திலிருந்து ஏணி ஏறியவன், பட்டத்தோடு நேரே மேலே போகும் மின்தூக்கியைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். பட்டதாரிக்குத் தொடக்கச் சம்பளம் அதிகம். அரசு செலவில் படிக்க உபகாரச் சம்பளம் பெற்றவருக்கு வேகம் அதிகம்; பதிலுக்குப் பொதுச் சேவை ஆணையத்தின் ஒப்பந்தம் உண்டு. ஆங்கிலம் பேசும் நாட்டில் படித்தால் ஆறு ஆண்டு, உள்ளூரில் படித்தால் நான்கு ஆண்டு வேலை செய்தாக வேண்டும். அந்தக் கதவைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே இல்லை. பையனின் மதிப்பெண்கள் அப்படி.

உச்சியில் இருந்தவர்களைப் பார்த்தால் ஒரே அச்சில் வார்த்தவர்களாகத் தெரியவில்லை. 1997 முதல் 2010 வரை ஆணையராக இருந்த கூ பூன் ஹுய், ராணுவ உபகாரச் சம்பளத்தில் ஆக்ஸ்ஃபர்டுக்குப் போய்ப் பொறியியல் படித்தவர். ஆணையராக இருக்கும்போதே இன்டர்போலின் தலைவரும் ஆனார். அடுத்து வந்த இங் ஜூ ஹீ, சிறைத்துறை இயக்குநராக இருந்துவிட்டு வந்து காவல்துறையை நடத்தினார். பிறகு பொதுப் பயனீட்டுக் கழகத்துக்குப் போய்த் தண்ணீர் விநியோகத்தைப் பார்த்தார். 2015-ல் பொறுப்பேற்ற ஹூங் வீ டெக், குற்றப் புலனாய்வுத் துறைக்குத் தலைமை தாங்கியவர். நம்மவர்கள் பெருமையோடு சொல்லும் டி. ராஜகுமார் துணை ஆணையராக இருந்தவர். கேசினோ ஒழுங்குமுறை ஆணையத்தை நடத்தினார். 2022 முதல் 2024 வரை, கள்ளப்பணத்துக்கு எதிரான அனைத்துலக அமைப்பான எஃப்ஏடிஎஃப்பின் தலைவராக இருந்தார்.

ஆனால் இதெல்லாம் நான் கழுத்தை நிமிர்த்திப் பார்த்த உயரம். அருகிருந்து பார்த்தது நிலையத் தலைவர்களையும் பிரிவுத் தலைவர்களையும் மட்டுமே. அவர்களில் இரண்டு வகையினருக்கும் கீழே வேலை செய்திருக்கிறேன். என் கணக்கில் வேறுபாடு படிப்பால் வரவில்லை. ஒரு நாற்காலியில் எத்தனை நாள் உட்கார்ந்தார்கள் என்பதில்தான் வந்தது.

அப்போது அக்கம்பக்கக் காவல் சாவடிகள் புதிது. 1983-ல் தோ பாயோவின் கே போங்கில் முதல் சாவடி வந்தது. ஜப்பானில் கோபான் எனப்படும் சிறு காவல் சாவடியைப் பார்த்துச் செய்தது. நான் இருந்த சாவடியின் தலைவர் அடிமட்டத்திலிருந்து ஏறியவர். ஒரு நாள் பின்னிரவு இரண்டு மணிக்கு ஒரு தொழிலாளி வந்தார். சந்தில் யாரோ மடக்கி அறுநூறு வெள்ளியைப் பறித்துக்கொண்டதாகச் சொன்னார். நான் புகாரை எழுதத் தொடங்கினேன். தலைவர் வந்து என் கைமேல் கை வைத்தார். வந்தவரின் சட்டையைப் பார்த்தார். பை கிழியவில்லை, இஸ்திரி மடிப்புக் கலையவில்லை.

"தம்பி, சாப்பிட்டாயா?" என்று கேட்டுப் பரோட்டா வாங்கிவரச் சொன்னார். பாதி பரோட்டாவில், "ஊருக்கு எந்தத் தேதிக்குள் பணம் போக வேண்டும்?" என்றார். அவ்வளவுதான், அந்த மனிதர் உடைந்துவிட்டார். பணம் சீட்டாட்டத்தில் போயிருந்தது. மனைவிக்குச் சொல்ல ஒரு திருடன் தேவைப்பட்டான். என் பேனா அதுவரை பெயரையும் கடப்பிதழ் எண்ணையும் மட்டுமே எழுதியிருந்ததால், பொய்ப் புகார் என்ற குற்றம் அவர் தலையில் ஏறவில்லை.

இது கூர்மையான மூளை மட்டும் செய்கிற வேலையாக எனக்குப் படவில்லை. தலைவர் அந்த வட்டாரத்தில் ஏழாவது ஆண்டில் இருந்தார். சம்பள நாள் எது, சீட்டு எந்தக் கட்டடத்தின் பின்னால் ஓடுகிறது, யார் கடன் கொடுக்கிறார் என்பதெல்லாம் அவருக்குள் ஊறிக்கிடந்தது.

எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். பின்னாளில் வேறொரு நிலையத்தில் வெளிநாட்டில் படித்த இளைஞர் ஒருவர் எங்களுக்குத் தலைவராக வந்தார். வயது முப்பதைத் தொடவில்லை. வந்த மாதமே வட்டார வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, சைக்கிள் திருட்டுக்கெல்லாம் சிவப்பு ஊசி குத்தச் சொன்னார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். மூன்றாம் மாதம் ஊசிகள் எம்ஆர்டி ரயில் நிலையத்தின் ஒரு வாசலையும் வெள்ளிக்கிழமை மாலையையும் காட்டின. ரோந்தை அங்கே திருப்பினார். திருட்டு சட்டென்று குறைந்தது. பத்து ஆண்டு அந்த வாசலைக் கடந்து வீட்டுக்குப் போன எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அப்படிப் பார்க்கும் கண்ணைப் படிப்பு கொடுத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இருபத்தோராம் மாதம் அவரைத் தலைமையகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்து வந்தவர் வேறொரு திட்டத்தோடு வந்தார். வரைபடம் ஒட்டுநாடா மஞ்சளாகும்வரை சுவரில் தொங்கியது. ஊசிகளைத் துப்புரவு செய்கிற அம்மா ஒரு மிலோ டின்னில் சேர்த்து வைத்தார்.

அந்த நிலையத்தில் நான் ஒன்பது ஆண்டு இருந்தேன். ஐந்து தலைவர்களைப் பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் முதல் மூன்று மாதம் பெயர்களைப் பழகுவதில் போகும். கடைசி மூன்று மாதம் கோப்புகளை ஒப்படைப்பதில் போகும். இருபத்தொரு மாதத்தில் மிஞ்சுவது பதினைந்து. வேகமாக உயர வேண்டியவர் பல துறைகளைத் தொட்டாக வேண்டும், ஆகவே எங்கும் நெடுநாள் தங்க முடியாது. இது அவர் குறையில்லை, மின்தூக்கியின் விதி. ஏணிக்காரருக்கு அவசரம் குறைவு. ஒரு விசாரணைக் கோப்பைத் தாமே திறந்து, சாட்சியைத் தேடி அலைந்து, நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையில் வியர்த்து, கடைசித் தாள் வரை போகும் வாய்ப்பு அவருக்குத்தான் மீண்டும் மீண்டும் கிடைக்கிறது. அப்படி ஐம்பது கோப்புகளை மூடியவர் மேலதிகாரியானால், கீழே இருப்பவர் கொண்டுவரும் அறிக்கையில் எந்த வரி பூசி மெழுகியது என்று படித்தவுடன் தெரிந்துவிடும். ஹூங் வீ டெக் புலனாய்வுப் பக்கமிருந்து வந்தவர் என்றபோது நிலையங்களில் எங்களைப் போன்றவர்கள் மகிழ்ந்ததற்குக் காரணமும் இதுதான்.

நெடுநாள் தங்குவதிலும் பூஞ்சை உண்டு. வட்டாரத்தில் ஊறியவருக்குக் காப்பிக்கடை முதலாளியும் நண்பராகிவிடுவார். அது எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. கணினியைத் தொட மறுத்து, இளையவரை விட்டு எல்லாவற்றையும் தட்டச்சு செய்ய வைத்த ஏணிக்காரரையும் எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 2013 டிசம்பர் 8-ஆம் தேதி லிட்டில் இந்தியாவில் கலவரம் வெடித்தபோது ஏணி அனுபவமும் கைகொடுத்திருக்காது. அதற்கு முந்தைய கலவரம் 1969-ல் நடந்தது. பணியில் இருந்த யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. சிறப்புப் படை வரும்வரை நின்று சமாளிப்பதா, இருப்பவர்களை வைத்துக்கொண்டு முன்னேறுவதா என்பது விசாரணைக் குழுவின் முன் நெடுநேரம் அலசப்பட்டது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான அந்தக் குழுவில் முன்னாள் ஆணையர் டீ துவா பா ஓர் உறுப்பினர். அவர் முன்னால் அமர்ந்து, இன்னும் ஆயிரம் அதிகாரிகள் வேண்டும் என்று கேட்டார் அன்றைய ஆணையர் இங் ஜூ ஹீ. எங்கள் ஓய்வறைத் தொலைக்காட்சியில் அந்தச் செய்தி வந்தபோது, ஒருவரும் தேநீரைத் தொடவில்லை. ஆயிரம் பேரைக் கேட்டு வாங்கும் வேலைக்கு அமைச்சுகளின் மொழி தெரிந்தவர்தான் வேண்டும். பரோட்டா வாங்கிக் கொடுத்த என் தலைவரை அந்த நாற்காலியில் என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

இருந்தாலும் பையனுக்கு ஏணியைத்தான் சொன்னேன். என் காலத்தில் இரண்டு ஏணிகள் இருந்தன. கீழ் ஏணியின் உச்சியிலிருந்து மேல் ஏணிக்குத் தாவுவது பெரும்பாடு. 2016-ல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். நான் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் என்ற பதவியே இன்றில்லை. சார்ஜண்டாகச் சேர்ந்துவிட்டுச் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் பட்டம் வாங்கலாம். இரவுப் பணிக்கு நடுவில் படிப்பது எவ்வளவு கடினம் என்பதை மட்டும் நான் சொல்லத் தகுதியில்லாதவன், படிக்கவில்லை.

தங்கை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன் முட்டியைக் காட்டு" என்றாள். ரோந்துக் காலத்தில் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் மின்தூக்கி ஒன்று, ஐந்து, ஒன்பது என்று சில மாடிகளில்தான் நிற்கும். மற்ற மாடிகளுக்குப் படிக்கட்டுதான். வலது முட்டி இப்போது மழைக்கு முன்பே சொல்லிவிடும்.

"அம்மா, இப்போது எல்லா மாடியிலும் நிற்கிறது" என்றான் பையன்.