பஃபின் எடுக்க ஐல் ஆஃப் மே போறதா, லுங்கா போறதா? என் ஓட்டு ஃபைஃப் கரைக்குத்தான்

ஸ்காட்லாந்துல பஃபின்ங்கிற கடற்பறவையைப் படம் எடுக்கணும்னு கிளம்புறவங்களுக்கு ஷெட்லாண்ட், செயின்ட் கில்டா மாதிரி ரொம்ப தூர இடங்களை ஒதுக்கிட்டா பெரும்பாலும் கேள்வி ரெண்டு தீவுலதான் வந்து நிக்கும். கிழக்கே ஃபோர்த் கழிமுகத்துல இருக்கிற, ஃபைஃப் கரையில ஆன்ஸ்ட்ரதர் ஊர்லேந்து படகு போற ஐல் ஆஃப் மே, மேற்கே மல் தீவுக்கு அப்பால ட்ரெஷ்னிஷ் தீவுக் கூட்டத்துல இருக்கிற லுங்கா. ரெண்டுக்கும் போயிருக்கேன். போன வருஷம் ஜூன்ல லீவு கிடைச்சப்போ ரெண்டுல எதுன்னு உக்காந்து யோசிச்சு மே தீவைத்தான் எடுத்தேன், இனிமேலும் அதுதான் எடுப்பேன். லுங்கா பக்கம் இருக்கிற நியாயத்தையும் மறைக்காம சொல்லிடறேன்.

பொதுவான விஷயம் சீக்கிரமா முடிச்சுக்கலாம். ரெண்டு இடத்துலயும் ஏப்ரல் நடுவுல பறவை வந்துடும், ஆகஸ்ட் ஆரம்பத்துல கடலுக்குப் போயிடும், வாய் நிறைய சேண்ட் ஈல் மீனைக் கவ்விட்டு வர்ற படம் வேணும்னா ஜூன், ஜூலை முதல் பாதி. ரெண்டுக்கும் படகு டிக்கெட் முன்னாடியே எடுக்கணும், ரெண்டு இடத்துலயும் கரையில நிக்கிற நேரம் கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரந்தான்.

கிட்டப் போய் எடுக்கிறதுல லுங்காவை மே தீவு ஜெயிக்கவே முடியாது. பாறை விளிம்புல புல்தரை, அதுல அப்படியே உக்காந்துட்டா போதும், பஃபின் நம்ம கால்கிட்ட வந்து நிக்கும், 70-200 லென்ஸே தாராளம், வைட் லென்ஸ் போட்டா பின்னாடி டச்சுமேன்ஸ் கேப்னு சொல்ற தொப்பி மாதிரி தீவும் சேர்ந்து விழும். அந்த மாதிரி ஃப்ரேம் மே தீவுல கிடைக்காது. பல டூர்ல ஸ்டாஃபாங்கிற தீவையும் சேர்த்துக் காட்டுறாங்க, அங்க ஃபிங்கல்ஸ் குகையோட அறுகோணப் பாறைத் தூண்கள் ஒரு தடவையாவது எடுத்தே ஆகணும். ஆனா லுங்காவுல படகுத்துறை கிடையாது. மிதவை மேடையைக் கரையில சேத்து இறக்கி விடுவாங்க, அங்கேந்து உருண்டைப் பாறைங்க மேல தடுமாறி நடந்து, அப்புறம் செங்குத்தா ஒரு ஏத்தம். முழங்கால் வலி இருக்கிறவங்க, கனமான பை தூக்குறவங்க இதை நல்லா யோசிச்சுக்கோங்க.

மே தீவுல கிர்க்ஹேவன்ல ஒழுங்கா இறங்கலாம், பாதை போட்டிருக்காங்க, அந்தப் பாதையை விட்டு இறங்கவே கூடாது, ஏன்னா மண்ணுக்குள்ள பூரா பஃபின் வளை, கால் வெச்சா உள்ள இருக்கிற குஞ்சோட சேர்ந்து இடிஞ்சு போயிடும். அதனால தூரம் கொஞ்சம் கூட, குறைஞ்சது 300 எம்எம் வேணும், நான் 100-400 எடுத்துட்டுப் போறேன். பறக்கிற படத்துக்கு இங்கதான் எனக்கு அதிகம் கிடைச்சது, பல பத்தாயிரம் ஜோடி இருக்கிற இடம், எந்தப் பக்கம் பாத்தாலும் ஏதாவது ஒண்ணு வந்துட்டே இருக்கும். காத்துக்கு எதிர்ல இறங்கும்போது வேகம் குறையும், அப்போ பிடிக்கணும். ஷட்டர் வேகம் 1/2000 வினாடிக்குக் கீழ போகாதீங்க, வெள்ளை நெஞ்சு விவரமே இல்லாம வெளுத்துப் போகாம எக்ஸ்போஷரைக் கொஞ்சம் இறக்கி வைங்க, மேகமூட்டமான நாள்னா சந்தோஷப்படுங்க. மீனோட வர்ற பறவை உங்க தலைக்கு மேல சுத்திச் சுத்தி வந்தும் இறங்கலைன்னா அதோட வளைக்குக் குறுக்க நிக்கிறீங்கன்னு அர்த்தம், உடனே நகந்துடுங்க, இல்லைன்னா கடல்காக்கா மீனைப் பிடுங்கிட்டுப் போயிடும். ஆர்க்டிக் டெர்ன் கூட்டம் இறங்குற இடத்துலயே மண்டையைக் கொத்தும், தொப்பி கட்டாயம்.

லைட்ஹவுஸ் பிரியர்களுக்கும் மே தீவுதான். ராபர்ட் ஸ்டீவன்சன் 1816ல கட்டினது கோட்டை மாதிரி நிக்குது, பக்கத்துலயே 1636ல கட்டின பழைய நிலக்கரி விளக்கோட மிச்சம் இருக்கு, ஸ்காட்லாந்தோட முதல் கலங்கரை விளக்கம் அது.

இதெல்லாம் கூடக் குறைய இருக்கும். நான் முடிவு பண்ணினது ஒரே ஒரு விஷயத்தை வெச்சு. படகு போகாத நாள்ல கையில என்ன இருக்கு?

ஸ்காட்லாந்துக் கடல்ல படகு ரத்தாகிறது சாதாரணம். ரெண்டு பக்கமும் ஆகும். எந்தப் பக்கம் அதிகம்னு கணக்கா சொல்ற அளவுக்கு நான் லுங்கா போனதில்ல, நான் போனப்போ கடல் அமைதியாவே இருந்தது, அதனால அதுல அடிச்சுப் பேச மாட்டேன். ஆனா அட்லாண்டிக் அலை நேரா வந்து மோதுற இடத்துல, பாறை மேல மிதவையை ஒட்டி ஆளை இறக்குறாங்கன்னா, படகு போனாலும் இறங்க முடியாமத் திரும்புற நாளும் உண்டுங்கிறதைப் புரிஞ்சுக்கணும்.

ஃபைஃப்ல படகு ரத்துன்னு காலையில மெசேஜ் வந்தா எனக்குப் பெருசா வருத்தம் வராது. க்ரெயில், ஆன்ஸ்ட்ரதர், பிட்டன்வீம், செயின்ட் மோனன்ஸ்னு நாலு துறைமுகமும் 15 கிலோமீட்டருக்குள்ள வரிசையா இருக்கு, நாலும் நாலு விதம். க்ரெயில் சின்னது, சிவப்பு ஓட்டு வீடு, கல் சுவர், நண்டுக்கூடு அடுக்கி வெச்சிருப்பாங்க. பிட்டன்வீம் இன்னும் வேலை நடக்கிற மீன்பிடித் துறைமுகம், விடியக்காலையில படகு, ஐஸ் பெட்டி, மஞ்சள் ஓவர்ஆல் போட்ட ஆளுங்க. ஆன்ஸ்ட்ரதர்ல மீன்பிடி மியூசியம் இருக்கு, அவங்களோட ரீப்பர்ங்கிற 1902ல கட்டின பாய்மரப் படகு துறைமுகத்துல நிக்கிற நாள்ல போனீங்கன்னா அதிர்ஷ்டம்.

செயின்ட் மோனன்ஸைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். அங்க வளைஞ்சு வளைஞ்சு கடலுக்குள்ள போற அலைத்தடுப்புச் சுவர் ஒண்ணு இருக்கு. கிழக்குக் காத்து பலமா அடிச்சா மே தீவுப் படகு நிக்கும், அதே காத்துலதான் இந்தச் சுவர் மேல அலை உடைஞ்சு ரெண்டு ஆள் உயரத்துக்கு எழும்பும். அதாவது ஒரு படத்தைக் கெடுக்கிற காத்தே இன்னொரு படத்தைக் கொண்டு வந்து கொடுக்குது. ஹை டைட்ல, அதாவது கடல் ஏறி நிக்கிற நேரத்துல, கரையில தள்ளி நின்னு நீளமான லென்ஸ்ல எடுங்க, சுவர் மேல ஏறாதீங்க, பாசி பிடிச்சு வழுக்கும், அலை இழுத்துட்டுப் போற இடம். காத்தே இல்லாம கடல் மூடுபனி வந்தாலும் படகுத்துறை எல்லாம் இன்னும் அழகு.

இன்னொண்ணு டைட் டேபிள். ஆன்ஸ்ட்ரதர் துறைமுகம் லோ டைட்ல வத்திப் போகும், அதனால பெரிய படகு தண்ணி இருக்கிற நேரத்தைப் பாத்துத்தான் கிளம்பும், நேரம் நாளுக்கு நாள் மாறும். துறைமுகப் படத்துக்கும் தண்ணி நிறைஞ்சிருந்தாதான் கண்ணாடி மாதிரி பிரதிபலிப்பு. ரெண்டுக்கும் ஒரே அட்டவணை. ஹை டைட் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப் போகும்னு தெரிஞ்சா எந்த வாரத்துல சாயங்கால வெளிச்சமும் நிறைஞ்ச தண்ணியும் சேரும்னு வீட்ல உக்காந்தே கண்டுபிடிச்சுடலாம். ஜூன்ல ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம், பகல்ல பறவை, சாயங்காலம் துறைமுகம்னு ஒரே நாள்ல ரெண்டும் முடியும்.

மல் தீவுல படகு ரத்தான நாள் வேற மாதிரி. அங்க டோபர்மோரி ஊர்ல அந்தக் கலர் கலர் வீடுங்க வரிசை நிஜமாவே அழகு, ஆனா ஒரு காலையில முடிஞ்சுடும். அங்கேந்து தீவோட மறுகோடியில இருக்கிற ஃபியோன்ஃபோர்ட் பக்கம் போகணும்னா பெரும்பாலும் ஒத்தைத் தடம் ரோடு, எதிர்ல வண்டி வந்தா ஒதுங்கி நின்னு நின்னு போனா ரெண்டு மணி நேரம் ஆகும், அதுலயே பாதி நாள் காலி. கார் இல்லாம மல்ல படம் எடுக்கிறது கஷ்டம். ஆன்ஸ்ட்ரதருக்கு எடின்பரோல இருந்து கார்ல ஒன்றரை மணி நேரத்துக்குள்ள போயிடலாம், ரயில்னா லெவன் ஊர் வரைக்கும், 1969ல மூடின அந்தப் பாதையை 2024 ஜூன்ல திறந்துட்டாங்க, அங்கேந்து பஸ்.

மல்லுக்கு ஒரு விஷயத்துல மறுபேச்சில்லாம ஓட்டு போடணும், வெள்ளைவால் கழுகு. 1975ல இருந்து நார்வேலேந்து குஞ்சுகளைக் கொண்டு வந்து ரம் தீவுல விட்டாங்க, 1985ல மல்லதான் முதல் தடவை காட்டுல குஞ்சு பொரிச்சு வளந்தது. உங்க கனவு கழுகுன்னா இந்த அலசலே வேண்டாம், மல்லுக்குப் போங்க. கூடு பக்கம் மட்டும் போகாதீங்க, கூட்டுல இருக்கிறதைத் தொந்தரவு பண்றது சட்டப்படி குற்றம். நீர்நாயும் அங்க உண்டுங்கிறாங்க, நான் எடுத்ததெல்லாம் தூரத்துப் புள்ளிதான், அதனால அதைப் பத்தி யோசனை சொல்ற தகுதி எனக்கில்ல.

மே தீவுக்கும் பாதகம் இருக்கு. 2022ல பறவைக் காய்ச்சல் பரவினப்போ ஜூலையில இறங்கவே விடாம நிறுத்திட்டாங்க, அந்த மாதிரி வருஷத்துல துறைமுகம் மட்டுந்தான் மிச்சம். சீல் குட்டி வேணும்னு கேக்கிறவங்களுக்கும் உதவாது, குட்டி போடுறது இலையுதிர் காலத்துல, தீவோ செப்டம்பர் கடைசியோட பார்வையாளர்களுக்கு மூடிடும்.

இவ்வளவும் படிச்சுட்டு மல்தான்னு தோணுச்சுன்னா தாராளமா போங்க, ஆனா குறைஞ்சது மூணு ராத்திரி தங்குற மாதிரி போங்க, படகை முதல் நாளுக்கே போடுங்க, ரத்தானா அடுத்த நாளுக்கு மாத்திக் கேக்கலாம். ஓபன்ங்கிற ஊர்லேந்து மல்லுக்குப் போற ஃபெர்ரில கார் இடம் சீசன்ல சீக்கிரம் தீந்துடும், அதை ரூம் போடுறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க.